காலுக்கு வைத்த விளக்கு

கீரனூரில் குடியிருந்தபோது ஏறக்குறைய ஒரு மாதம் நான் ஒரு கதவுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன். கதவும் மரியாதை தெரிந்த கதவு. ஒவ்வொரு நாளும், "ஆங், வாங்க டீச்சர்" என்று பதில் சொல்லும்.

அந்தக் கதவுக்காகப் பேசியவர்தான் நான் சொல்லப்போகிற அக்கா. பெயரை எழுதமாட்டேன். "எம் பேரை எங்கிட்டாச்சும் எழுதி வச்சிராதீங்க டீச்சர், ரேசன் கார்டுல இருக்குறதே போதும்" என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மற்றபடி ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிடப் பெரியவரான டீக்கடைக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து என் வாடகை வீட்டுக்குப் போகும் சந்தில் ஒரு பழைய மரக்கடை இருந்தது. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், நிலை, உத்திரம், பனஞ்சட்டம் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். புது வீடு கட்டுகிறவர்கள் சல்லிசாகக் கிடைக்குமென்று வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு அங்கே ஆணி பிடுங்குகிற வேலை. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு அங்கே குடிவந்த பிறகுதான் தெரியும். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி மணைக்கட்டையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு குட்டிக் கடப்பாரை, குறடு, சுத்தியல், ஒரு பெயிண்ட் டப்பா. வருகிற ஆணியைக் கருங்கல்லில் வைத்து மூன்று தட்டு தட்டுவார், நிமிர்ந்துவிடும். டப்பாவில் போடுவார். கோணலாக ஒரு ஆணி அந்த டப்பாவுக்குள் போய் நான் பார்த்ததில்லை.

அதோடு வேலை முடிந்தது என்று எழுந்திருக்கலாம். மாட்டார். பலகையை மடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் தடவுவார். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. எங்காவது ஒரு முறிந்த ஆணியின் மூக்கு நிரடினால், அதை எடுக்கிறவரை டீ ஆறிப்போனாலும் தொடமாட்டார். கடை முதலாளிக்கு இது பெரிய தலைவலி. "ஏத்தா, அது கதவா, பச்சப்புள்ளையா? தடவிக்கிட்டே இருக்க!" என்று அங்கிருந்தே கத்துவார்.

"கண்ணைத் தொறந்து பாத்தாத் தெரியாதாக்கா?" என்று நான் கேட்டேன்.

"கண்ணு ஏமாத்திரும் டீச்சர். பாத்தாச்சு பாத்தாச்சுன்னு சொல்லிரும். கை அப்படிச் சொல்லாது."

விற்க முடியாத துண்டுகள் என்று கடையில் ஒரு குவியல் கிடக்கும். ஒரு முழத்துக்குக் குறைந்த கட்டைகள், உடைந்த ரீப்பர், மிஷின் வந்த பெட்டியின் பலகைகள், பாதி ஜன்னல். முதலாளி கணக்கில் அதெல்லாம் விறகு. அக்கா கணக்கில் விளக்கு. சாயந்திரம் வேலை முடிந்ததும் அந்தக் குவியலிலிருந்து நாலு கால் பொறுக்குவார், முழங்கால் உயரத்துக்கு. அடியில் ஒரு பலகை, மேலே கூரைபோல் இரண்டு பலகை, புகை போக நடுவில் ஓர் இடைவெளி. மரம் கருகாமலிருக்க எண்ணெய் டின் தகரத்தை வெட்டி உள்ளே அடித்து, அதன்மேல் ஒரு சிறு எண்ணெய் விளக்கை வைப்பார். நாலு பக்கமும் பழைய ஜன்னல் கண்ணாடி. ஒரு பக்கம் மட்டும் சின்னக் கதவு. அதற்குக் கீல் கிடையாது, தேய்ந்த செருப்பின் வாரை வெட்டிக் கீலாக்கிவிடுவார். கூண்டு விளக்கு என்று பெயர் வைத்திருந்தார். மழையிலும் காற்றிலும் வெளியே நிற்கும், அணையாது.

பெரிய வீடுகளை இடித்தால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடியெல்லாம் வரும். நானாக இருந்தால் நாலு பக்கமும் அதைத்தான் போட்டு அழகு பார்ப்பேன். அக்கா கலர்க் கண்ணாடியைப் பின்பக்கம் போடுவார். பாதையைப் பார்த்த பக்கத்துக்கு வெறும் கண்ணாடி. "கலரு வெளிச்சத்துல பள்ளம் தெரியாது டீச்சர்" என்பார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பிறகு மறுபடியும் கண்ணை மூடி ஒரு தடவல்.

அவருடைய விளக்குகளில் ஊருக்கு ஒரு குறை இருந்தது. எல்லாம் தரையில் நிற்கிற விளக்கு. யாராவது வீட்டு வாசலுக்கு ஒன்று கேட்டால் முதலில் விளக்கு செய்யமாட்டார். பொழுது சாயும்போது அந்த வீட்டுக்குப் போய், வாசலில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து பார்ப்பார். "எங்க தடுக்கும்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் நிலைக்கு மேலே மாட்ட ஆணி அடித்து வைத்திருப்பார். அக்கா விளக்கைக் கொண்டுபோய்ப் படி உடைந்த இடத்தில் வைத்துவிட்டு வருவார். டீக்கடைக்காரர் கேலி செய்வார். "ஏக்கா, ஊரு ஒலகத்துல வெளக்க ஒசரத்துல வைப்பாக. நீ என்னமோ கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி வைக்கிற."

"மூஞ்சிக்கு வெளிச்சம் எதுக்கு? காலுக்குல்ல வேணும்" என்பார் அக்கா.

நான் தமிழ் டீச்சர். குடத்திலிட்ட விளக்கு, குன்றிலிட்ட விளக்கு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு வாக்கியத்தில் அமைக்கச் சொன்னவள். காலடியில் இட்ட விளக்கை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். குளத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. கணவர் குவைத்தில். மாமியார் புதுக்கோட்டையில் தனியாக இருந்தார். "வேலையை விட்டுட்டு அம்மாகூடப் போய் இரேன், சம்பாதிக்கத்தான் நான் இருக்கேன்ல" என்று கணவர் ஒவ்வொரு போனிலும் சொல்வார். எனக்கு அந்த வேலை சம்பளம் மட்டும் இல்லை. வீட்டில் யாரும் பத்தாவது தாண்டாதபோது அடம்பிடித்துப் படித்து வாங்கிய வேலை. விடுகிற எண்ணமே கிடையாது.

ஆனால் எனக்கு ஒரு கோளாறு இருந்தது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. பகலில் ஊசி கோப்பேன். ஆறு மணிக்கு மேல் சாக்கடையும் ரோடும் எனக்கு ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தியே திருச்சியில் ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். விழித்திரையில் உள்ள குறை, ராத்திரிப் பார்வைதான் முதலில் போகும், அப்புறம் பகலிலும் மெல்ல மெல்லச் சுருங்கும், இதற்கு மாத்திரை கிடையாது. நான் அந்தச் சீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தவள்தான், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்று முதலில் பயம். கல்யாணம் ஆனதும், தெரிந்தால் வேலையை விடச்சொல்லிவிடுவார்கள் என்று பயம். பயத்துக்கும் வேறு வேலை வெட்டி வேண்டுமே.

மறைப்பதற்கென்று ஒரு படிப்பே படித்து வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், சந்துக்குள் போகிற யாருக்காவது பின்னால் அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஆள் இல்லையென்றால் போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல நிற்பேன். டார்ச் அடிக்கலாம். ஊரே வெறுங்கையை வீசி நடக்கிற வெளிச்சத்தில் நான் மட்டும் டார்ச் அடித்தால் நாலு பேர் கேட்கமாட்டார்களா? எதிரில் நிழலாக எது நின்றாலும் வணக்கம் சொல்லிவிடுவேன். டீச்சருக்குத் தலைக்கனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

மரக்கடை வாசலில் ஓர் ஆள் தினமும் நிற்பார். தோளில் துண்டு. "வணக்கம்ங்க" என்பேன். "ஆங், வாங்க டீச்சர்" என்று ஒரு பெண்குரல் கேட்கும். அவர் பக்கத்தில் அவர் மனைவி இருக்கிறார்போல, புருஷனுக்கும் சேர்த்து இவரே பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பகலில் அந்த வழியாகப் போனேன். அதே இடத்தில் ஒற்றைக் கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மேல் முனையில் அக்காவின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கீழே அக்கா உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் தினமும் வணக்கம் சொன்ன ஆள் இதுதான். இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இன்று டீக்கடைக்குத் தெரியும், நாளைக்கு என் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும் என்று மனசு ஓடியது. கிட்டே போய், மென்று விழுங்கி, "அக்கா, நேத்து சாயந்திரம்..." என்று ஆரம்பித்தேன்.

"நேத்து என்னா? நீங்க வணக்கம் சொன்னீங்க, நானும் வாங்கன்னேன். பாத்து நடந்து போங்க, மிதிச்சிராதீங்க, ஆணி கெடக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டினார்.

அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அதற்குப் பிறகு சந்தில் விளக்குகள் வர ஆரம்பித்தன.

முதல் விளக்கைச் சாக்கடைமேல் மூடுகல் இல்லாத இடத்தின் ஓரத்தில் கால் ஊன்றி நட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கிட்டு ஒரு பாம்பு திரியுது" என்றார். இரண்டாவது, சந்தின் திருப்பத்தில். "நாயி படுத்துக்கெடக்கு, யாராச்சும் மிதிச்சா அது என்ன பண்ணும்?" மூன்றாவதற்கு ஒரு ஆட்டுக்குட்டியைச் சொன்னார் என்று ஞாபகம். என் வீட்டுப் படி வரைக்கும் மொத்தம் பதினோரு விளக்கு. அந்தச் சந்தில் பாம்பை நான் கடைசிவரை பார்த்ததே இல்லை. அப்போது பார்வை சரியாக இருந்தவர்களும் பார்த்ததில்லை.

நான் இறங்குகிற பஸ் ஆறேகாலுக்கு வரும். ஆறு மணிக்கு அக்கா ஒவ்வொரு கூண்டாகத் திறந்து ஏற்றிக்கொண்டு வருவார். பஸ் தாமதமானால் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், கேட்டால் நாலு ஆணி மிச்சம் என்பார். முழங்காலுக்குக் கீழே வெளிச்சம் மண்ணில் வட்டமாக விழுந்து கிடக்கும். உயரமான விளக்கின் கூச்சம் கண்ணில் அடிக்காது. ஒரு வட்டம் முடிகிற இடத்தில் அடுத்த வட்டம் தொடங்கும். பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சந்தில்தான் நான் யார் சட்டையையும் பார்க்காமல், என் கையை நானே வீசி நடந்தேன். அந்த நடையின் சந்தோஷத்தைக் கண் நன்றாகத் தெரிகிறவர்களிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்காவை ஏதோ மகான்போல நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். திருச்சி ரோட்டில் புதிதாக ஹோட்டல் தொடங்கிய ஒருவர் காரில் வந்து, மரங்களில் தொங்கவிட முப்பது விளக்கு கேட்டார். "கரடுமுரடா, பழசு மாதிரி இருக்கணும்கா. சிராம்பு, ஆணியெல்லாம் அப்படியே இருக்கட்டும், அதான் இப்ப பேஷன்" என்றார்.

"பழசு மாதிரி என்ன தம்பி, பழசேதான்" என்றார் அக்கா. இரண்டு மாதம் உட்கார்ந்து முப்பதையும் செய்தார். முப்பதிலும் ஒரு சிராம்பு இல்லை, ஒரு ஆணி இல்லை. போதாக்குறைக்கு முப்பதுக்கும் கால் வைத்துவிட்டார். அந்தத் தம்பி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "தொங்கவிடத்தானேக்கா கேட்டேன்!"

"மரத்துல தொங்கவிட்டா வவ்வாலுக்குத்தான் வெளிச்சம். சாப்பிட வர்ற சனம் வேர்ல தடுக்கி விழுகுமே, அதுக்கு என்ன செய்வீங்க?"

அவர் திட்டிக்கொண்டே பத்தை மட்டும் எடுத்துப்போனார். ஒரு மாதம் கழித்து மிச்ச இருபதுக்கும் வண்டி வந்தது. வேரில் தடுக்கி யார் விழுந்தார்கள் என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கார்த்திகை மாதம் கணவர் லீவில் வந்தார். இந்தத் தடவை முடிவாகப் பேசிவிடுவது என்று வந்திருந்தார். "இன்னும் எத்தனை நாள் பஸ்ல தொங்குவ? எழுதிக் குடுத்துட்டு வா." நான் பிடி கொடுக்காமல் நாளைக் கடத்தினேன். லீவு நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் என் கண் விஷயம் தெரியாமல் இருந்துவிட்டால் வேலையைக் காப்பாற்றிவிடலாம். தெரிந்துவிட்டால் அவர் பக்கம் நியாயம் போய்ச் சேர்ந்துவிடும், நான் வாயே திறக்க முடியாது. விளக்குகள் இருந்த தைரியத்தில்தான் இருந்தேன்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்க்கிறேன், சந்து இருட்டாகக் கிடக்கிறது. சிமென்ட் ரோடு போடுவதற்காகக் காலையில் ஆட்கள் வந்து வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பதினோரு விளக்கையும் பத்திரமாகப் பிடுங்கிக் கடை வாசலில் அடுக்கிவிட்டார்கள். அக்காவோ ஏதோ வீடு இடிக்கிறார்கள் என்று லாரியோடு புதுக்கோட்டை போயிருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். சந்துக்குள் போக ஓர் ஆள்கூட வரவில்லை. ஒரு எட்டு வைத்துப் பார்த்தேன், செருப்பு முனை வெறும் காற்றில் இறங்கியது. காலை இழுத்துக்கொண்டேன். அதற்குள் போன் நிஜமாகவே அடித்தது.

"எங்க இருக்க?" என்றார் கணவர்.

"பஸ் இன்னும் வரலைங்க."

"நான் வேணா வரவா?"

"வேண்டாம், வேண்டாம். வந்துருவேன்."

இருநூறு காலடியில் வீடு. அங்கே நின்று பொய் சொல்கிறேன். அழுகை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ, ஒரு லாரி வந்து நின்றது. அக்கா இறங்கினார். சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனார், அடுக்கிலிருந்து ஒரு விளக்கை எடுத்து ஏற்றிக்கொண்டு வந்தார். "நானும் அங்கிட்டுத்தான் போறேன், வாங்க டீச்சர்" என்றார். அவர் வீடு அந்தப் பக்கமே கிடையாது.

என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். விளக்கைக் குனிந்து முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, எனக்கு அரை எட்டு முன்னால் நடந்தார். பாதி தூரம் போனதும் அவராகவே பேசினார்.

"எங்க வீட்டுக்காரரு இதே கடையிலதான் லோடு எறக்குனாரு. ஒருநா பொழுதடைஞ்சு கீழ கெடந்த ஒரு கதவ மிதிச்சுத் தாண்டிப் போறாரு. அதுல ஒரு முறிஞ்ச ஆணி, வெளிய தெரியல. குத்திருச்சு. மஞ்சளப் பத்துப்போட்டுக்கிட்டுப் பேசாம இருந்துட்டாரு, எங்கிட்டக்கூடச் சொல்லல. சொன்னா வேலைக்குப் போக வேணாம்னு சொல்லிருவேனாம். ரணஜன்னி, தாடை கிட்டிக்கிச்சு. எட்டாம் நாளு போயிட்டாரு."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, விளக்கு முன்னால் போனதால் நானும் நடந்தேன்.

"வெளிய தெரியுற ஆணி யாரையும் குத்தாது டீச்சர். சுத்திப் போயிருவோம், இல்லாட்டிப் புடுங்கிப் போட்டுருவோம். உள்ள ஒளிஞ்சு கெடக்குறதுதான் ஆள முடிக்கிது" என்றார். எங்கள் வீட்டுப் படியில் விளக்கை வைத்துவிட்டு, "பாத்து ஏறுங்க" என்று திரும்பிப் போய்விட்டார். என் கண்ணைப் பற்றி அவர் வாயிலிருந்து அன்றைக்கும் ஒரு சொல் வரவில்லை.

தோள்பையைக்கூட இறக்காமல் நிலைப்படியில் நின்றே கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

"எத்தனை வருசமா?"

"ஏழு."

"நமக்குக் கல்யாணம் ஆயி ஆறுதான் ஆகுது" என்றார்.

அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் எழுந்தபோது ஆள் இல்லை. அம்மா வீட்டுக்குப் போய்விட்டார், நியாயம் பேசப் பெரியவர்களோடு வருவார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாயந்திரம் இறங்கினால் சந்தில் விளக்கு எரிகிறது. முதல் விளக்கின் பக்கத்தில் மண்ணும் வேர்வையுமாகக் கணவர் நிற்கிறார். அக்காவிடம் போய், டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி, விளக்குகளை மறுபடி நட்டுத்தரக் கேட்டிருக்கிறார். "நீங்களே நடுங்க தம்பி" என்று அக்கா கூடவே நடந்து, ஒவ்வொரு விளக்குக்கும் இடம் காட்டியிருக்கிறார். இது மூடுகல் இல்லாத எடம். இங்க தரை திடீர்னு எறங்கும். இங்க சைக்கிள் நிப்பாட்டுவாக. பதினோராவது விளக்கை நட்டு முடித்தபோது, நான் தினமும் எங்கெங்கே விழாமல் தப்பித்தேன் என்பது மொத்தமும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"நீ மறைச்சதுகூடப் பரவாயில்ல" என்றார் வீட்டுக்கு நடக்கும்போது. "ஆணி புடுங்குற அந்த அக்காவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப்போச்சு பாரு." கொஞ்ச தூரம் போய், "வேலைய விடவேணாம். வேற வழி பாப்போம்" என்றார். ஆறு வருஷத்தில் நான் அவரிடமிருந்து கேட்ட மிக நல்ல வாக்கியம் அதுதான்.

அந்த வாரம் கார்த்திகை. மறுநாள் குப்பைக் கார்த்திகை. குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. கணவர் பயபக்தியோடு ஓர் அகலைக் கொண்டுபோய் மரக்கடையின் சிராய்க் குவியல்மேல் வைத்துக் கும்பிட்டார். "ஐயோ தம்பி, எடுங்க எடுங்க! கும்புடுறேன்னு கடையவே கொளுத்திராதீங்க!" என்று அக்கா ஓடிவந்தார். அப்படி அவர் விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேற வழி என்று கணவர் சொன்னது நடந்தது. கண்ணுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினோம், இடமாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை கிடைத்தது, புதுக்கோட்டையில் மாமியார் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளி. மறைத்து வைத்திருந்தவரை என் வேலைக்கு எமனாக இருந்த அதே சீட்டுதான், வெளியே எடுத்ததும் வேலையைக் காப்பாற்றியது.

வீடு காலி செய்த அன்று அக்கா ஒரு விளக்கைக் கொண்டுவந்தார். மற்ற விளக்குகளைவிடச் சின்னது, மேலே தேக்குக் கட்டையில் கைப்பிடி. அக்காவைப் பார்த்த பழக்கத்தில் நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். கைப்பிடியில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு ஆணித்தலை நிரடியது. எனக்கு ஒரே குஷி. "என்னக்கா இது! ஊரு ஆணியெல்லாம் புடுங்குன நீங்க எனக்குக் குடுக்குறதுல ஒன்ன விட்டுட்டீங்களே!"

"கெடந்துட்டுப் போகுது டீச்சர். தேச்சுத்தான் விட்ருக்கேன், குத்தாது" என்றார். வயதாகிறது, அக்காவுக்கும் கை ஏமாற்ற ஆரம்பித்துவிட்டது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். புத்திசாலி நான்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரக்கடை கைமாறிவிட்டது. அக்கா கரூர்ப் பக்கம் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் இன்னும் தமிழ் டீச்சர்தான். புத்தகத்தைப் போன் வாசிக்கிறது, இலக்கணத்தை நான் நடத்துகிறேன். டாக்டர் சொன்னதுபோலவே பார்வை சுருங்கிச் சுருங்கி, போன வருஷம் மிச்சமிருந்த பகல் வெளிச்சமும் முழுசாகப் போய்விட்டது.

அப்போது ஒருநாள் ஃபேன் நின்றது, கரண்ட் போயிற்று. கணவர் ஊரில் இல்லை. டியூஷன் பிள்ளைகள் வருகிற நேரம், வாசலில் படி இறக்கம். அலமாரியிலிருந்து அக்கா கொடுத்த விளக்கை எடுத்தேன். எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் கண்ணாடி என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக் கைப்பிடியைப் பிடித்தேன். கட்டைவிரல் அந்த ஆணித்தலைமேல் போய் உட்கார்ந்தது. இன்னொரு கையை நேராகக் கீழே இறக்கினேன். சின்னக் கதவின் கொக்கி அங்கே இருந்தது. சந்தேகமாக இருந்தது, கீழே வைத்துச் சுற்றிவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் விரல் ஆணியில், கை கொக்கியில்.

அது அக்கா மறந்து விட்ட ஆணி இல்லை. வைத்த ஆணி. வெளிச்சமே தெரியாமல் போகிற ஒருத்திக்கு, அவள் கண்ணில் வெளிச்சம் இருந்த நாளிலேயே, அக்கா ஒரு விளக்குச் செய்து கொடுத்திருக்கிறார். நான் அதை வைத்து அவரைக் கேலி வேறு செய்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏற்றினேன்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு அதை ஏற்றி, வாசலில் படி இறங்குகிற இடத்தில் கீழே வைக்கிறேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் தெரியாதே, யாருக்கு இந்த வெளக்கு?"

"ஒங்க காலுக்கு" என்றேன்.

ஏற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பேன். வாசலில் செருப்புச் சத்தம் மாதிரிக் கேட்கும். ஆளாக இருக்கலாம், காற்றில் ஆடுகிற இரும்புக் கேட்டாகவும் இருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: "ஆங், வாங்க."